சாதனையா, பதிவா?

அந்தமானில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரியும் எனக்கு 'ரெக்கார்டு' என்னும் சொல் ஓயாத தொல்லை. அது சாதனையா, பதிவா? வானில் பறப்போர்க்கு இரண்டும் ஒன்றல்ல.

2005 நவம்பர் 26-ஆம் நாள், அறுபத்தேழு வயதான விஜய்பத் சிங்கானியா மும்பையிலிருந்து வெப்பக்காற்றுப் பலூனில் எழுந்து, 21,027 மீட்டர் உயரத்தை எட்டினார். 1988-இல் லிண்ட்ஸ்டிராண்ட் எட்டிய உயரம் 19,811 மீட்டர். ஆயினும், நாம் கைதட்டியதனால் அது பதிவாகிவிடாது. கருவி காட்டிய அளவுக்குக் கண்காணிப்பாளர் சான்று தரவேண்டும். நாட்டின் வான்பறப்புக் கழகம் அதனை ஆராய வேண்டும். அதன்பின்னரே 1905-இல் பாரிசில் பிறந்து, இன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து இயங்கும் உலக வான்பறப்புச் சம்மேளனம் ஏற்கும்.

இத்துணைக் கட்டுக்காவலிலும் ஒரு பொய் நுழைந்ததுண்டு. விண்வெளி வீரர் தம் கலத்தோடு தரையிறங்க வேண்டும் என்பது அன்றைய விதி. 1961-இல் ககாரினோ கலத்தை விட்டு வெளியேறிப் பாராசூட்டில் தனியே இறங்கினார். சோவியத் அதிகாரிகள் அதனை மறைத்தே பதிவு பெற்றனர். உண்மை வெளிப்பட்ட பின்னரும் சம்மேளனம் அதனை நீக்கவில்லை. அது சரியே என்பது என் எண்ணம். பொய் தாளில்தான் இருந்தது, பறந்ததில் இல்லை.

அவரைப்பற்றிய குறிப்பொன்றைத் தமிழாக்கியபோது 'சாதனை' என்றே எழுதினேன். 'பதிவு' என்றெழுதக் கை வரவில்லை.