பொறுமைக்கு ஒரு நம்பர்

நண்பர் ஒருவர் புதுசா கார் வாங்கினார். பெட்ரோல் பங்குக்குப் போனார்.

"சாதாவா, பவரா சார்?"

"எது விலை ஜாஸ்தி?"

"பவர்தான்."

"அப்ப அதையே போடு!"

விலை கூடினா சத்தும் கூடும்னு அவர் கணக்கு. ஆனா பவர் பெட்ரோல்ல கூடுதலா இருக்கறது ஆக்டேன் எண். அது சத்தைச் சொல்றதில்லே. பெட்ரோலோட பொறுமையைச் சொல்லுது!

எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் மேலே வந்து, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்தும். அழுத்தினா சூடேறும். ஸ்பார்க் பிளக் பொறி தட்டினதும் தீ சீராப் பரவணும். அது வந்து சேர்றதுக்குள்ளே மிச்சக் கலவை தானாப் பத்திக்கிட்டா, 'டக டக'ன்னு சத்தம் வரும். 'நாக்கிங்'னு பேரு. தொடர்ந்தா எஞ்சினுக்குக் கேடு. ஆக்டேன் கூடினா, அந்த அவசரம் குறையும்.

நம்ம ஊர்ல முன்னே சாதா பெட்ரோலோட ஆக்டேன் 91. உயர்ந்த ரகம் 95ன்னு இருந்தது. சில பங்குகள்ல 100 கூட உண்டு. அதிகமா அழுத்தற எஞ்சினுக்கு, சில டர்போ எஞ்சினுக்கு கூடுதல் ஆக்டேன் தேவைப்படும். உங்க காருக்கு எதுன்னு கையேட்டுல இருக்கும். பல கார்கள்ல பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமும் போட்டிருப்பாங்க. கேட்டதுக்குக் குறைவாப் போடக் கூடாது. சாதாவே போதும்னு இருந்தா, கூடுதலாப் போட்டுப் பெரிசா லாபமில்லே.

ஒரு மாசம் கழிச்சு நண்பரைக் கேட்டேன்: "ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது! கார் அதே வேகத்துலதான் போகுது. பர்ஸ்தான் வேகமாக் காலியாகுது!"