கச்சியில் பெற்ற ஒரு கண்



நன்மையே வரும் என்றிருப்பார் சிலர். வருவதெல்லாம் தீமையே என்றிருப்பார் பலர். இவ்விருவகை மனநிலையையும் உளநூலார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் மார்ட்டின் செலிக்மன் என்பார் அவர்களுள் ஒருவர். ஒரு துன்பம் நேர்ந்தவிடத்து, 'இது என்றும் நீங்காது. என் வாழ்வு முழுவதையும் கெடுக்கும். எல்லாம் என் குறையே' என்று கொள்வது அவநம்பிக்கையாளர் இயல்பு என்பது அவர் கண்ட முடிபு.

இதனைக் கேட்டோர் சிலர் நம் சமயத்தின்மேல் குற்றம் சாட்டுவர். 'வினை, வினை என்று நீங்கள் ஓதுவதன்றோ மக்களைச் சோரச் செய்கிறது?' என்பர். இவ்வினாவைத் தள்ளிவிடுதற்கில்லை. விளைச்சல் பொய்த்த உழவனிடமும் பிள்ளையை இழந்த தாயிடமும் சென்று, 'எல்லாம் உன் வினை' என்று சொல்லிவிட்டு வருவோர் நம்முள்ளும் உளர். அதனை இரக்கமின்மை என்போமேயன்றிச் சைவம் என்னோம்.

விடை, நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கச்சி ஏகம்பத்தில் இருக்கிறது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரில் மகிழ மரத்தின்கீழ், 'நின்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சூளுரைத்தார். தென்றல் வந்தது; ஆரூர் வசந்த விழா நினைவிற்கு வந்தது. சூளுறவைக் கடந்து எல்லை தாண்டினார். இரு கண்களும் ஒளி இழந்தன. இதனைச் சேக்கிழார் பெருமான் விரித்துரைக்கின்றார்.

தவறு தம்முடையதே என்பதைச் சுந்தரர் மறைக்கவில்லை. உளநூலார் கூறிய மூன்றனுள் ஒன்றை அவர் ஒப்பினார் எனலாம். ஏனைய இரண்டையும் அவர் ஒப்பவில்லை. பிழை செய்தவன் கேட்கலாகாது என்று அவர் எண்ணவில்லை. வழிநெடுகக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

திருவெண்பாக்கத்தில் நிகழ்ந்ததை ஊன்றிக் காண வேண்டும். பழைய தலம் நீர்த்தேக்கத்துள் அடங்கியதால் அக்கோயில் இன்று பூண்டியில் உள்ளது. கண் வேண்டி நின்றவருக்கு இறைவன் தந்தது ஓர் ஊன்றுகோல்! 'இக்கோயிலில் இருக்கின்றீரோ?' என்று வினவினார் நம்பியாரூரர். 'இருக்கின்றோம், நீர் செல்லும்' என்று அயலாரைப் போல விடை வந்தது. எத்தகைய அடியாருக்கும் மனம் ஒடியும் இடம் இதுதான். தம்பிரான் தோழர் உள்ளம் நொந்து முறையிட்டார். 'எனக்கு ஒரு குறையுமில்லை' என்று பொய்யாக முகமலர்ச்சி காட்டவில்லை. துன்புற்றோரைப் பார்த்து 'சிரித்துக்கொண்டிரு' என்று அறிவுரை கூறுவோர் இதனைக் கருத வேண்டும். கேட்பான் என்ற உறுதி உள்ளவிடத்தன்றோ முறையீடு பிறக்கும்? முற்றும் நம்பிக்கை இழந்தோருள் வாய் திறவாதாரும் உளர். நும் இல்லத்தில் ஒருவர் ஓயாது புலம்புகிறார் என்றால் செவிகொடுத்துக் கேளுங்கள். புலம்பியவர் திடீரெனப் பேச்சடங்கினால் அருகே சென்று அமருங்கள். வேண்டின் மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

முறையிட்டவர் அக்கோலையும் எறிந்துவிடவில்லை. அதனை ஊன்றியே மேலே நடந்தார்.

இவ்வூரார்க்கு இது புதிதன்று. வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதற் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகவே எல்லோரும் போற்றுவர். அவற்றில் ஏரி வாரியத்திற்கு அறுவரைத் தேர்ந்தெடுக்கும் செய்தியும் உண்டு. வானம் பொழிவது அவ்வறுவர் கையில் இல்லை. கரையும் மதகும் அவர் கையில் இருந்தன. மழை வருமோ வாராதோ என்று குறி கேட்டுக்கொண்டிருந்தால், வந்த மழையும் நில்லாமல் ஓடிப்போயிருக்கும்.

ஆரூரர் திருவாலங்காட்டைத் தொழுது காஞ்சியை அடைந்தார். ஏகம்பன் இடக்கண் ஒன்றை மட்டும் அருளினான். 'மற்றொன்று எங்கே?' என்று அவர் அங்கே முகம் வாடினாரல்லர். பெற்ற கண்ணால் பெருமானைக் கண்ட களிப்பில் பாடினார். ஒன்றே போதும் என்று அமைந்துவிட்டாரோ எனில், அதுவுமில்லை. ஒரு கண்ணோடு சோழநாடு நோக்கி நடந்தார். இடையில் உடலிலும் நோய் வந்து பற்றியது. குத்தாலம் எனப்படும் திருத்துருத்தியில் நீராடி அது நீங்கப்பெற்றார். பின் திருவாரூரை அடைந்து, மூலட்டானப் பெருமான் திருமுன் நின்று, எஞ்சிய கண்ணையும் தந்தருள வேண்டும் என்று தோழமை உரிமையோடு கேட்டார், பெற்றார்.

திருச்சிற்றம்பலம்.