ஃபியூஸ் எரிவது நோயல்ல, அறிகுறி



1993இல் வந்த புரோட்டோன் வீராவும் 1994இல் வந்த பெரோடுவா கன்சிலும் 2009இல் தயாரிப்பு நின்ற பிறகும் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வேலைக்குச் செல்லும் இளையோருக்கும், சிக்கனமாகக் குடும்பம் நடத்துவோருக்கும் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பவை இத்தகைய பழைய கார்கள்தாம். வாங்குபவர் இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்கிறார், டயரைப் பார்க்கிறார், சாயத்தைத் தடவிப் பார்க்கிறார். டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடக்கும் வயர்களை மட்டும் பார்ப்பதில்லை.

சில வாரங்களில் தொல்லை தொடங்குகிறது. காலையில் கார் கிளம்புவதில்லை. மழை பெய்தால் சிக்னல் எரிவதில்லை. ஃபியூஸ் அடிக்கடி போகிறது. உரிமையாளர் புதிய பேட்டரி வாங்கிப் போடுகிறார். பிறகு ஆல்டர்னேட்டரை மாற்றுகிறார். பணம் கரைகிறது, கோளாறு அப்படியே இருக்கிறது. நோயின் காரணத்தை அறிந்த பிறகே மருத்துவம் என்றார் வள்ளுவர். காருக்கும் அதுவே பொருந்தும்.

இதற்கு முதலில் வேண்டியது மல்டிமீட்டர் என்னும் சிறு அளவுக் கருவி. இரவு முழுவதும் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். அதை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்தது எர்த் இணைப்பு. காரின் இரும்பு உடலே மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை. வயரை உடலோடு இணைக்கும் திருகில் துரு ஏறினால் அந்தப் பாதை அடைபடும். பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரிகிறதா? பெரும்பாலும் இதுவே காரணம். விளக்கை எரியவிட்டு, அதன் எர்த் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் திருகைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இறுக்கிவிட்டால் போதும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள்தான்.

இரவில் பேட்டரி இறங்குகிறதா? சாவியை எடுத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை ஆம்பியர் அளவில் வைத்து இடையில் இணைக்க வேண்டும். அப்போது சாவியைத் திருப்பவே கூடாது. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடினால் சந்தேகம் கொள்ளலாம். அரை ஆம்பியர் கசிந்தால் இரண்டு நாளில் 24 ஆம்பியர் மணி போய்விடும்; சிறிய காரின் பேட்டரியில் அது பாதிக்கும் மேல். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் அளவு குறைகிறதோ, அந்தப் பாதையில்தான் கசிவு.

பழைய காரில் முந்தைய உரிமையாளரின் கைவேலையும் இருக்கும். அலாரம், ஒலிபெருக்கி, கூடுதல் விளக்கு என்று டேப் சுற்றி ஒட்டிய வயர்களை முதலில் தேடுங்கள். 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அவற்றைத் தனி ஃபியூஸும் ரிலேயும் இன்றிப் பழைய வயரில் சேர்த்தால் அது சூடாகும்.

இங்கேதான் பெரிய ஆபத்து. சிவப்பு நிற 10 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பச்சை நிற 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகுகிறவர்கள் உண்டு. சிலர் வெள்ளித்தாளைச் சுற்றி வைக்கிறார்கள். பிறகு ஃபியூஸ் போவதில்லை. கோளாறு தீர்ந்தது என்று மகிழ்கிறார்கள். உண்மையில் காவல்காரனைத் துரத்திவிட்டார்கள். வயர் 10 ஆம்பியருக்கு ஏற்ற மெல்லிய வயர்தான். ஃபியூஸுக்குப் பதிலாக அது காய்ந்து, மேலுறை உருகி, டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கிறது. பின் இருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே ஃபியூஸ் பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் அளவையே போடுங்கள். அதுவும் மீண்டும் எரிந்தால், அடுத்ததை வாங்காமல் காரைப் பட்டறைக்குக் கொண்டு செல்லுங்கள். “எதை மாற்றப் போகிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். “எதை அளந்து பார்த்தீர்கள்?” என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.