ஓயாத மணியும் உற்ற அழைப்பும்

(ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ, காவியச் சுவையைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு செயற்குழுவினராகிய நாங்கள் அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் இருந்துகொண்டு, இந்த நேரத்திலும் ஒலிக்கக் காத்திருக்கும் ஒரு சிறு மணியைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். கைப்பேசியில் செய்தி வந்த கணமே ஒலித்துத் திரையில் தோன்றுகிறதே, இளைஞர்கள் 'நோட்டிபிகேஷன்' என்று வழங்குகிறார்களே, அந்த அழைப்பொலியே அது. பிறந்த ஊரை விட்டு வந்து ஓரிடத்தில் கூடி வாழும் நம்மைப் போன்ற ஒரு சமூகத்துக்கு அந்த அழைப்பொலி பயன்படுமா, படாதா? இதுவே இன்றைய வினா.

இது வெறும் பட்டிமன்ற வினா அன்று. இதன் பின்னால் நாம் தலைகுனிய வேண்டிய ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதனை முதலில் கூறிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லிப் பனி கண்ணை மறைத்த ஒரு தை மாதத்து விடியற்காலையில், நம் காலனியில் வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமானார். நம் குழந்தைகள் பலருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அகர முதல் எழுத்துகளைக் கையைப் பிடித்து எழுதுவித்தவர் அவர். மகன் வெளிநாட்டில், மகள் மட்டுமே உடன் இருந்தார். அவர் விடியுமுன்னரே நம் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் செய்தியை இட்டார். அதன்பின் நடந்தது என்ன? வழக்கம்போல் 'காலை வணக்கம்' படங்கள் வந்தன. பொங்கல் வாழ்த்துகள் வந்தன. கரும்பு எங்கே மலிவு என்ற கேள்வியும், அதற்குப் பத்து விடைகளும் வந்தன. இரங்கற் செய்தி அவற்றின் அடியில் மூழ்கிற்று. அதனைக் கண்டு ஓடியவர்கள் எழுவர் மட்டுமே. ஏனையோருள் பெரும்பாலோர், ஓயாத ஒலி தாங்கமாட்டாமல், அந்தக் குழுவின் மணியை என்றோ அடைத்து வைத்திருந்தனர். செயற்குழுவினராகிய எங்களுள் மூவர், அடுத்த தெருவிலேயே குடியிருந்தும், மாலையில் காய்கறி வாங்கச் சென்ற இடத்திலேதான் செய்தி அறிந்தோம். அதற்குள் யமுனைக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் துக்கம் கேட்கச் சென்றபோது அந்த அம்மையார் எங்களை நோக்கி, "பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டீர்களா?" என்று கேட்டார். அதில் குறை கூறும் குரல் இல்லை. உண்மையிலேயே அவர் அவ்வாறு நினைத்திருந்தார். எங்களால் விடை கூற இயலவில்லை.

அன்பர்களே, சொந்த ஊரில் ஒருவர் மறைந்தால் தெருவே வந்து நிற்கும். இங்கே வந்து நிற்க வேண்டிய தெரு நாம்தாம். நமக்குச் செய்தி எட்டவில்லையென்றால், சங்கம் என்ற பெயருக்குப் பொருள் என்ன? ஆதலின் இவ்வினாவைச் செயற்குழு பல முறை கூடி ஆராய்ந்தது.

அறிவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியம் 'விழாவறை காதை' என்னும் பகுதியோடு தொடங்குவதை நீங்கள் அறிவீர்கள். இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை, யானையின் பிடரியில் முரசேற்றி, புகார் நகரத்தார்க்கு அறிவித்தனர் என்பது அக்காதை தரும் செய்தி. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த முரசு நாள்தோறும் நாழிகைதோறும் முழங்கியிருந்தால் புகார் மக்கள் வீதிக்கு வந்து கேட்டிருப்பார்களா?

நம் சங்கத்தின் தொடக்க நாள்களை மூத்தவர்கள் நினைவுகூர்வர். அக்காலத்தில் சுற்றறிக்கை ஒன்றே ஒன்று தட்டச்சாகும். தொண்டர் ஒருவர் சைக்கிளில் வீடு வீடாகச் சென்று அதனைக் காட்டிக் கையெழுத்துப் பெற்று வருவார். முப்பது மாடிப்படிகள் ஏறி இறங்க வேண்டும் என்பதால், அறிவிக்கத் தகாததை எவரும் சுற்றறிக்கையில் எழுதுவதில்லை. தந்தியும் அத்தகையதே. சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டியிருந்தமையால், தந்தி என்றாலே வீடு எழுந்து நின்றது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திப் பணி நம் நாட்டில் நிறுத்தப்பெற்றது. அதனோடு, 'அனுப்புமுன் சிந்தித்தல்' என்னும் பழக்கமும் போய்விட்டதோ என்று நாம் அஞ்சுகிறோம்.

கைப்பேசி மணியின் இயல்பையும் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். செயலி ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நிமிடம் சென்று 'புதுச் செய்தி உண்டா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். ஆதலின் கைப்பேசி, ஆப்பிள், கூகுள் போன்ற நிறுவனங்களின் கணினி நிலையத்தோடு ஒரே ஒரு தொடர்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. எல்லாச் செயலிகளின் செய்திகளும் அந்த ஒரே வழியாக வந்து சேர்கின்றன. தெரு முழுமைக்கும் தபால்காரர் ஒருவரே இருப்பது போல. ஆப்பிள் நிறுவனம் இவ்வசதியை 2009-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் திறந்தது. கூகுள் 2010-இல் பின்தொடர்ந்தது. இதன் பயனாக, நாம் தேடிச் செல்லாமலே செய்தி நம்மைத் தேடி வருகிறது.

இங்கேதான் நுட்பம் இருக்கிறது. சுற்றறிக்கைக்கும் தந்திக்கும் உரிய செலவு அனுப்புகிறவரைச் சேர்ந்தது. கைப்பேசி மணிக்கு அனுப்புகிறவர் செலவழிப்பது ஒன்றுமில்லை. செலவு முழுவதும் பெறுகிறவருடையது. அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில், தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில், இரவுப் பணி முடிந்து கண்ணயரும் நேரத்தில், அவருடைய கவனத்தை எடுத்துத்தான் அந்த மணி ஒலிக்கிறது. ஒருவர் விளையாட்டாக இடும் ஒரு படம் நானூறு பேரை ஒரு கணம் திரும்பிப் பார்க்கச் செய்கிறது. பிறர் பொருளை அளவின்றிச் செலவழித்தால் அவர் பெட்டியைப் பூட்டிக்கொள்வது இயல்பு அன்றோ? வாட்ஸப்பில் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என மூவகைப் பூட்டு உண்டு. நம்முள் பெரும்பாலோர் மூன்றாவதைத் தேர்ந்துகொண்டோம். பூட்டியவரைக் குறை கூறுவதற்கில்லை. பூட்டும்படி செய்த நாமே குற்றவாளிகள். அந்த விடியற்காலையில் மகள் இட்ட செய்தி வந்து மோதியது அந்தப் பூட்டின் மேல்தான்.

அவ்வாறாயின், 'மணியே வேண்டா. விருப்பமுள்ளவர் வேண்டும்போது சென்று படிக்கட்டும்' என்று சிலர் கூறினர். இதிலும் உண்மை உண்டு. ஆனால் அழைப்பே இல்லாத இடத்துக்கு மக்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்திவிடுவர். சங்க மண்டபத்து அறிவிப்புப் பலகையை நாள்தோறும் சென்று படிப்பவர் நம்முள் எத்தனை பேர்? புதிதாக மாற்றலாகி வந்த இளம் தம்பதியர்க்கு, ஞாயிறன்று தமிழ் வகுப்பு உண்டு என்பதை யார் கூறுவது? மருத்துவமனையில் ஒருவருக்கு இரத்தம் வேண்டியிருக்கும்போது, 'நாளை வந்து படித்துக்கொள்க' என்று காத்திருக்க முடியுமா?

2019-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு நம் கருத்துக்குத் துணை செய்கிறது. அறிவிப்புகளை வந்தவுடனே பெறாமல், ஒரு நாளில் மூன்று முறை மட்டும் தொகுத்துப் பெற்றவர்கள் கவனமும் மன அமைதியும் கூடப் பெற்றனர். ஆனால் அறிவிப்புகளை அடியோடு நிறுத்தியவர்களோ, எதையேனும் இழந்துவிட்டோமோ என்ற கவலையால் அமைதி குன்றினர். ஓயாத ஒலியும் துன்பம். ஒலியே இன்மையும் துன்பம். அளவே மருந்து.

2023-ஆம் ஆண்டில் பேரிடர் எச்சரிக்கைக்கான சோதனையை மைய அரசு நடத்தியபோது, கைப்பேசிகள் பல ஒருசேர அலறியமை உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒலியை எவரும் பொருட்படுத்தாமல் இருக்கவில்லை. காரணம், அது என்றோ ஒரு நாள்தான் ஒலிக்கும். அதே ஒலி நாள்தோறும் நற்காலை கூறத் தொடங்கினால், வெள்ளம் வரும் நாளில் அதனை நம்புவார் யார்?

இவற்றையெல்லாம் எண்ணிச் செயற்குழு சில முறைகளை வகுத்து, ஓராண்டாக நடைமுறையில் வைத்திருக்கிறது.

முதலாவது, குழுவை இரண்டாகப் பிரித்தோம். அறிவிப்புக் குழுவில் செயற்குழுவினர் மட்டுமே எழுதுவர். உரையாடற் குழுவில் அனைவரும் எழுதலாம். வாழ்த்தும் வேடிக்கையும் கூடாதென்று நாங்கள் கூறவில்லை. தனியே வாழும் முதியவர்க்கு ஒரு காலை வணக்கமும் துணைதான். அதற்குரிய இடம் உரையாடற் குழு.

இரண்டாவது, அறிவிப்புக் குழுவில் உடனே மணி ஒலிக்கத் தக்கவை நான்கே: மரணம், மருத்துவ உதவி அல்லது இரத்தத் தேவை, குழந்தையோ முதியவரோ காணாமற்போதல், அன்றைய நிகழ்ச்சியில் நேரும் மாற்றம்.

மூன்றாவது, ஏனைய செய்திகள் அனைத்தும் நாள்தோறும் மாலை ஏழு மணிக்கு ஒரே மடலாக வரும். செய்தி இல்லாத நாளில் மடலும் இல்லை. 'இன்று செய்தி இல்லை' என்று அறிவிக்கவும் மாட்டோம்!

நான்காவது, கைப்பேசியைக் கையாள இயலாத முதியோர் இல்லங்களுக்குத் தெருவுக்கு ஒருவர் நேரில் சென்று கதவைத் தட்டுவர். பழைய சைக்கிள் தொண்டரை நாம் முற்றிலும் ஓய்வுபெற விடவில்லை.

தொடக்கத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "என் பேரன் பரிசு பெற்றதை உடனே அறிவிக்கலாகாதா?" என்று ஒரு பெரியவர் வருந்தினார். மாலை மடலில் அச்செய்தி முதல் வரியாக வந்தது. அதனைப் பலரும் படித்து வாழ்த்தியபின் அவர் வருத்தம் தீர்ந்தது. சென்ற கோடையில் ஓரிரவு பதினொரு மணிக்கு, அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் வேண்டும் என்ற செய்தி ஒலித்தது. நள்ளிரவுக்குள் மருத்துவமனை வாயிலில் நம்மவர் ஒன்பதின்மர் நின்றனர். அவர்களுள் ஒருவர் கூறிய சொல்லை மறக்க இயலாது: "இந்த மணி அடித்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும், அதனால் எழுந்து வந்தேன்." மணியைப் பற்றிய எங்கள் ஆராய்ச்சி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

எல்லாம் சீர்பட்டுவிட்டதாக நாங்கள் கூறவில்லை. பழைய பூட்டைத் திறவாத அன்பர் இன்னும் சிலர் உண்டு. ஒருமுறை நம்பிக்கை இழந்த மணியை மீண்டும் நம்பச் செய்வது எளிதன்று. அவசரமல்லாத ஒன்றை அவசரம் என்று கருதி நாங்களும் இருமுறை ஒலித்துவிட்டோம். அதற்கு மன்னிப்புக் கோருகிறோம்.

புறநானூற்றுச் செய்தி ஒன்றைக் கூறி முடிக்கின்றோம். வழிநடைக் களைப்பால் மோசிகீரனார் என்னும் புலவர், முரசு வைக்கும் கட்டிலில் அறியாது படுத்துறங்கிவிட்டார். முரசு நீராட்டுக்காகச் சென்றிருந்த வேளை அது. முரசுகட்டிலின் புனிதத்தைக் கெடுத்தவரைத் தண்டிப்பது அக்கால முறை. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையோ வாளை எடுக்கவில்லை; விசிறியை எடுத்து வீசினான். முரசைப் பெரிதும் போற்றிய நாட்டின் மன்னனே, உறங்குகின்ற ஒருவரின் அமைதியை அதனினும் பெரிதாக மதித்தான். மணியைக் கையில் வைத்திருக்கும் நாமும் அம்மன்னனை நினைவிற்கொள்வோம். தேவையின்றி ஒருவர் உறக்கத்தைக் கலைக்க நமக்கு உரிமை இல்லை. தேவை நேர்ந்தபோது எழுப்பாமலிருக்கவும் உரிமை இல்லை.

ஆகவே, அழைப்பொலி சமூகத்துக்குப் பயன்படுமா என்ற வினாவுக்கு எங்கள் விடை இது: அரிதாக ஒலித்தால் பயன்படும், அடிக்கடி ஒலித்தால் ஒலிக்காததற்குச் சமம். இந்த மண்டபத்தை விட்டுச் செல்லுமுன், உரையாடற் குழுவின் மணியை விருப்பம்போல் அடைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புக் குழுவின் மணியை மட்டும் திறந்து வையுங்கள். அது ஒலிக்கும்போது யாரோ ஒரு தமிழர் வீட்டு வாயிலில் நாம் சென்று நிற்க வேண்டியிருக்கிறது என்று பொருள். மணி செய்தியைத்தான் கொண்டு வரும். நடந்து செல்ல வேண்டியவை நம் கால்களே. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டீர்களா என்று இன்னொரு தாய் நம்மைக் கேட்கும் நிலை இனி ஒருபோதும் வாராதிருக்கட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!