வினவிக் கற்றல்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் காலனிகளில் ஞாயிறு இரவுதோறும் நிகழும் காட்சியொன்றை யாவரும் அறிவோம். மறுநாள் பள்ளியில் 'புராஜெக்ட்' கொடுக்க வேண்டும். தந்தை இணையத்திலிருந்து பத்திகளை எடுக்கிறார், தாய் சார்ட் தாளில் படங்களை ஒட்டுகிறார், குழந்தை உறங்கிவிடுகிறது. திங்களன்று மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், கற்றவர் யார்? நாமும் இப்பிழையைச் செய்தவர்களே. ஆதலின் பிறரைக் குறை கூறும் எண்ணமின்றியே பேசுகின்றோம்.

1999 ஜனவரி 26 அன்று இத்தில்லி மாநகரிலேயே ஒரு சோதனை தொடங்கிற்று. கால்காஜியில், என்.ஐ.ஐ.டி. நிறுவனத்தின் சுவரைத் துளைத்து, அப்பாலிருந்த குடிசைப் பகுதியை நோக்கி, இணைய இணைப்புடைய கணினி ஒன்றைப் பொருத்தினார் சுகதா மித்ரா. கற்பிப்பார் எவருமிலர். ஆங்கிலம் சரிவர அறியாத சிறுவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவராக அதனை இயக்கவும், இணையத்தில் உலவவும் கற்றுக்கொண்டனர். குழந்தைக்கு ஆர்வம் இயல்பிலேயே உண்டு என்பது இதனால் விளங்கிற்று. ஆயினும், கிடைத்த செய்தி மெய்யா, பொய்யா என்று ஆராயும் பயிற்சியைச் சுவர் தருமா? அதற்கு ஆசிரியர் வேண்டும்.

அவர் செய்யத்தக்கது யாது? அமெரிக்காவின் சான் டியேகோ அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ், 1995-இல் 'வெப்குவெஸ்ட்' என்னும் முறையை வகுத்தார். மாணவர்க்கு ஒரு பணி தரப்படும். காணவேண்டிய தளங்களையும், செல்லவேண்டிய வழியையும், மதிப்பிடும் அளவுகோலையும் ஆசிரியர் முன்னரே அமைத்துவிடுவார். தேடுவதில் காலம் வீணாகாமல், கண்டதைச் சிந்திப்பதில் செலவாகவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நம் ஊர்ப் பொருளையே எடுத்துக்கொள்வோம். "காற்று மாசு பற்றிக் கட்டுரை எழுதுக" என்றால் படியெடுத்த பக்கங்களே வரும். "குளிர்காலத்தில் நம் பள்ளிப் பிள்ளைகள் எந்நேரத்தில் விளையாடுவது நலம்?" என்று கேட்டுப் பாருங்கள், விடையைத் தாமே கண்டாக வேண்டும். மந்திர் மார்க்கிலும் ஆர்.கே. புரத்திலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உள்ளன. அதே பகுதிகளில் காற்றை அளக்கும் நிலையங்களும் உள்ளன. அந்த அளவுகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையத்தளத்தில் காணலாம்.

ஒரு குழு காலை அளவுகளையும், மற்றொரு குழு பிற்பகல் அளவுகளையும் பத்து நாட்கள் குறித்து வரட்டும். 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட நுண்துகளுக்கு நம் நாட்டின் வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். பத்து நாள் அளவுகளை அதனோடு வைத்துப் பார்க்கட்டும். காலையில் மிகுந்தும் பிற்பகலில் குறைந்தும் வரும்போது, 'ஏன்?' என்னும் வினா தானே எழும். இரவில் நிலத்தருகே குளிர்ந்த காற்று தங்க, மேலுள்ள வெப்பக் காற்று மூடிபோல் நின்று புகையை எழவொட்டாது தடுக்கிறது. வெயில் ஏறியபின் அம்மூடி கலைகிறது. இதனை அப்போது விரும்பித் தேடிப் படிப்பார்கள். காற்று பலமாக வீசிய நாளில் கணக்கு மாறினால், அதற்கும் காரணம் தேடுவார்கள். முடிவில் தலைமையாசிரியருக்குத் தக்க சான்றுகளுடன் ஒரு விண்ணப்பம் எழுதட்டும்.

இதில் ஒரு விதி இன்றியமையாதது. அளவு வெளிவராத மணிக்கு ஏட்டில் வெற்றிடமே விடவேண்டும், ஊகித்து நிரப்பலாகாது. தெரியாததைத் தெரியாதென்று எழுதும் நேர்மை, மதிப்பெண்ணினும் பெரிது. வீட்டுக்கொரு கணினியும் இதற்கு வேண்டுவதில்லை. நால்வர் கூடிய குழுவுக்கு ஒன்று போதும்.

பெற்றோர்களே! வரும் ஞாயிறு இரவு கத்தரிக்கோலையும் பசையையும் குழந்தையிடமே கொடுத்துவிடுவோம். அருகிலமர்ந்து, "இது உனக்கு எப்படித் தெரிந்தது, கண்ணே?" என்று மட்டும் தமிழில் கேட்போம். பாட்டிக்கும் விளங்குமாறு அக்குழந்தை விடை சொல்லுமாயின், பாடமும் மொழியும் ஒருங்கே வளரும்.