கானக ஆடவரும் உடல்நலமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விஜயதசமியன்று ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை வரும் காட்சியைக் காண ஆண்டுதோறும் முண்டியடித்து நிற்கிறோம். அதன் பிடரியில் அமர்ந்து நடத்தும் பாகனை நம்மில் எத்தனை பேர் உற்று நோக்கியிருப்போம்? தசரா யானைகளின் பாகர்களுள் பலர் ஜேனு குருபர், அதாவது தேன் குறும்பர் எனும் கானகக் குடியினர். விழாக் காலத்தில் மனைவி மக்களோடு அரண்மனை வளாகத்தில் தங்கிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்களுடைய இனத்தாரின் வாழ்வைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

ஹெக்கடதேவன்கோட்டை வட்டம் நம் மைசூர் மாவட்டத்திலேயே இருக்கிறது. 1970களில் கபினி நீர்த்தேக்கமும் பந்திப்பூர், நாகரஹொளே வனவிலங்குக் காப்பகங்களும் உருப்பெற்றபோது இம்மக்களிற் பலர் காட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. பாறையில் ஏறித் தேனெடுத்தவன் குடகுக் காப்பித் தோட்டத்தில் கூலியானான். மாலையில் கூலி கைக்கு வருகிறது. வழியில் மதுக்கடை இருக்கிறது. குடிகாரன் என்று ஏசுவதற்கு அதிக அறிவு வேண்டியதில்லை. அவன் இழந்தது இன்னதென்று அறிவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையோடு உழைத்தவர்கள் உண்டு. 1981இல் டாக்டர் சுதர்சன் பிளிகிரிரங்கன் மலையில் சோளகரிடையே மருத்துவப் பணி தொடங்கினார். அம்மலை அன்று மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1997இல்தான் சாமராசநகர் தனி மாவட்டமாயிற்று. 1984இல் மைசூர் மருத்துவக் கல்லூரி மாணவரான பாலசுப்பிரமணியமும் தோழர்களும் தொடங்கிய இயக்கம், பின்னர் கெஞ்சனஹள்ளியிலும் சரகூரிலும் மருத்துவமனைகளை நிறுவியது.

இவர்களைப் பார்த்து நாங்களும் புறப்பட்டோம். புறப்பட்ட முறைதான் பிழை. காட்டோரத்து ஹாடி ஒன்றுக்கு (ஹாடி என்பது அவர்களது குடியிருப்பு) ஞாயிறு நண்பகலில் ஒலிபெருக்கியோடு சென்று, மதுவின் தீமைகளை இரண்டு மணி நேரம் முழங்கினோம். ஆடவருள் பலர் குடகுக்குப் போயிருந்தனர். இருந்தவர்களும் வீட்டுக்குப் பின்புறம் நழுவிவிட்டனர். எதிரே இருந்தவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே. ஒரு மூதாட்டி, "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா சுவாமி? அடி வாங்குகிறவர்கள் நாங்கள்தானே!" என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம்.

ஹாடியின் எஜமானர், அதாவது ஊர்த் தலைவர், எங்களைத் தனியே அழைத்து, "இருட்டிய பிறகு வாருங்கள். அந்தக் குழாயைக் கொண்டுவராதீர்கள்" என்றார். மறுமுறை அவ்வாறே சென்று தீயைச் சுற்றி அமர்ந்தோம். அன்று நோயைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தேனெடுப்பதைப் பற்றிக் கேட்டோம். அவ்வளவுதான், தலைகுனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தனர்! ஈக்கள் பறக்கும் திசையைக் கொண்டு கூட்டை அறிவது, புகையிடுவது, கொடியில் தொங்கி இறங்குவது என்று நள்ளிரவு வரை பேசினார்கள்.

அவர்கள் சொன்னவற்றுள் ஒரு செய்தி கேளுங்கள். பாறையில் இறங்குகிறவனுடைய கயிற்றை மேலே காவல் காப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாம். தன் சகோதரி தாலியிழக்க அவன் விடுவானா? நீலகிரிக் குறும்பரிடையேயும் இவ்வழக்கம் சொல்லப்படுவதுண்டு.

நான்காவது கூட்டத்தில் எஜமானரே எழுந்து இளைஞர்களைப் பார்த்து, "இப்போது உங்கள் கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு தாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கூலி வாங்கும் நாளில் மைத்துனன் உடன் செல்வது. இருமல் நீங்காதவனைச் சளிப் பரிசோதனைக்கு அவனே அழைத்துச் செல்வது. எங்களுடன் வந்த மருத்துவ நண்பர் தீயருகே இரத்த அழுத்தம் பார்த்தபோது, முதலிற் கை நீட்டியவரும் எஜமானரே. எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். நான்கைந்து பேர் குடியை விட்டனர். ஒருவர் விட்டு மீண்டும் தொடங்கினார். அவரும் கூட்டத்துக்கு வருகிறார்; அது எங்களுக்குப் பெரிதாகவே படுகிறது.

ஆஸ்திரேலிய முதுகுடி மக்களிடையேயும் இத்தகைய முயற்சிகள் உண்டு. 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்ன் பகுதியில் தம்மவர் தாமே நடத்தும் மருத்துவ நிலையத்தை அவர்கள் தொடங்கினர். ஆடவர் செய்தியை ஆடவரிடையே பேசுவது அவர்தம் மரபு. அங்குள்ள ஆடவர் நலக் குழுக்கள் அதனைத் தழுவியே நடக்கின்றன. இங்கே சோளகருக்கு 2011இல் புலிகள் காப்பகத்துக்குள்ளேயே வன உரிமை கிடைத்தது. தேனும் நெல்லிக்காயும் சேகரிக்கும் உரிமையை மருந்துச் சீட்டில் எழுத முடியாது. எனினும் அதுவும் மருந்தே என்பது எங்கள் கருத்து.

பிழைப்புக்காக இம்மண்ணுக்கு வந்த தமிழர் நாம். வயிற்றுவலியைப் பிறர் மொழியில் சொல்லத் தடுமாறிய நாட்கள் நம் பெரியோர்க்கு நினைவிருக்கும். தேன் குறும்பருக்கோ சொந்த மண்ணிலேயே அந்தத் தடுமாற்றம். அவர்களது வீட்டுப் பேச்சு நகரத்துக் கன்னடமன்று.

அடுத்த சனிக்கிழமை மாலை மீண்டும் செல்கிறோம். வண்டியில் நான்கு பேருக்கு இடமிருக்கிறது. கன்னடம் தெரிந்து, இரவில் விழித்திருந்து, குறுக்கே பேசாமல் கேட்கக்கூடிய ஆடவர் யாரேனும் இருப்பின் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் பெயர் கொடுக்கலாம். போர்வை கொண்டு வாருங்கள்; அங்கே குளிர் அதிகம்.