இல்லத்திற்கேற்ற ஒலிவாங்கி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கிய விருந்தை எதிர்நோக்கி வந்திருக்கும் உங்கள் முன், ‘மைக்’ என்று நாம் வழங்கும் ஒலிவாங்கியைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். கருவி சிறிது, அதனால் காக்கப்பட வேண்டிய பொருளோ பெரிது.

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் பல, கோலார் தங்கவயலிலிருந்து வந்தவை. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடைய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்கள் இன்று முதுமை எய்திவிட்டனர். அவர்கள் நாவில் வழங்கும் சுரங்கச் சொற்களை எந்த அகராதியில் தேடுவது? நம் பாட்டிமார் பாடும் தாலாட்டை எந்த ஏட்டில் காண்பது? எழுதி வைக்கலாமே என்பீர்கள். ஆனால் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பேரக் குழந்தைகளுள் பலர் தமிழெழுத்தை அறியார். செவிக்கோ எழுத்தறிவு வேண்டுவதில்லை. ஆதலின், குரலைக் குரலாகவே வைத்துச் செல்லுதல் நம் கடனாகும்.

வீட்டில் இது இயலுமோ என்று ஐயுற வேண்டா. 1935 ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் கோபாலசுவாமி அவர்கள், தம் இல்லத்திலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் அந்நிலையத்திற்கு அமைந்ததே. அவர் அன்று பட்ட பாட்டில் நூற்றில் ஒரு பங்கும் இன்று நமக்கில்லை. கைப்பேசியோ கணினியோ வீட்டில் இருக்கின்றது. நல்ல ஒலிவாங்கி ஒன்றே வேண்டும்.

ஒலிவாங்கிகளை மூவகையாகக் கொள்ளலாம். முதலாவது டைனமிக் வகை. காந்தத்தினிடையே சிறு கம்பிச்சுருள் அசைய, மின்குறிப்பு எழுகின்றது. திருமண மண்டபங்களில் நாம் காணும் கைம்மைக் பெரும்பாலும் இவ்வினமே. உறுதியானது, தனி மின்சாரம் வேண்டாதது. வாயருகே வைத்துப் பேசுவதால் தெருவோசை அடங்கி நிற்கும். இரண்டாவது கண்டென்சர் வகை. மெல்லிய தகடு ஒன்று நுண்ணிய ஒலியையும் பற்றும். இதனைச் செவ்வனே இயக்க 48 வோல்ட் மின்னழுத்தம் அளிக்கும் இடைக்கருவி வேண்டும். நுண்மையே இதன் குறையுமாகும். அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலையும் இது விடாது. மூன்றாவது, சட்டையில் செருகும் காலர் மைக். 1962 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செஸ்லர், வெஸ்ட் என்னும் இருவர் கண்ட எலெக்ட்ரெட் நுட்பத்தால், கண்டென்சர் இனம் இவ்வளவு சிறிதாகவும் மலிவாகவும் ஆயிற்று.

இவற்றுள் எதனைக் கொள்வது? முதியோரின் பேச்சைப் பதிவதற்குக் காலர் மைக்கே சாலச் சிறந்தது. ஏறத்தாழ ஆயிரம் ரூபாயளவில் நல்லது கிடைக்கும். கருவி கண்ணில் படாததால் அவர்கள் கூச்சமின்றிப் பேசுவர். அதன் முனையை மட்டும் நோக்கி வாங்குங்கள்: மூன்று கறுப்பு வளையம் உடையது கைப்பேசிக்கு, இரண்டு உடையது கேமராவுக்கு. செருகுதுளையே இல்லாத புதிய கைப்பேசியாயின் டைப்-சி முனை வேண்டும்.

பாடுவோர்க்கும் கதை படிப்போர்க்கும் யூஎஸ்பி இணைப்புள்ள டைனமிக் மைக்கைப் பரிந்துரைக்கின்றோம். சாம்சன் கியூ2யூ போன்றவற்றில் இருவகை இணைப்பும் உள. இன்று கணினியில் நேரே செருகலாம், நாளை வசதி வந்தபின் இடைக்கருவியோடு சேர்க்கலாம். தெருவை ஒட்டிய இல்லங்களில் வாழும் நாம், அமைதியான அறை இல்லாதவரை கண்டென்சரை விரும்புதல் தகாது.

எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ஒலிவாங்கி, தாங்கி, வலைத்திரை அனைத்தும் ஒரு பெட்டியாக மிகக் குறைந்த விலைக்கு விற்பர். தோற்றங்கண்டு மயங்க வேண்டா. கையிலுள்ள பணம் முழுவதையும் மைக்கிற்கே செலவிடாமல், தாங்கிக்கும் கம்பிக்கும் ஒரு பகுதி ஒதுக்குங்கள். கடையிலேயே பேசிப் பதிந்து, ஹெட்போனில் கேட்டபின் பணம் கொடுங்கள்.

விலையினும் பெரிது வைக்கும் இடம். தொலைவு இருமடங்கானால் குரலின் அழுத்தம் பாதியாகும். அறையின் எதிரொலியோ குறையாது. ஆதலின் டைனமிக் மைக்கை வாயிலிருந்து நான்கு விரற்கடைத் தொலைவில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள்; அதன் முதுகு சன்னலை நோக்கட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். மெத்தையும் புடவை நிறைந்த பீரோவும் உள்ள படுக்கையறையே ஏழையின் ஒலிப்பதிவுக்கூடம்.

பதிந்ததைச் சுருக்காமல் ‘வேவ்’ கோப்பாக வையுங்கள். 48,000 மாதிரி, 24 பிட் அளவில் ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 520 மெகாபைட் இடங்கொள்ளும். இரு படிகள் எடுத்து, ஒன்றை உறவினர் இல்லத்தில் வைத்தல் நலம். பேசியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வாயால் சொல்லிப் பதியுங்கள்.

அன்பர்களே! சிறந்த கருவி வரட்டும் என்று காத்திருப்பது அறிவுடைமையன்று. கருவி அடுத்த ஆண்டு இன்னும் மலிவாய்க் கிடைக்கலாம். பாட்டியின் குரல் அடுத்த ஆண்டும் கிடைக்கும் என்று உறுதி சொல்வார் யார்? வரும் ஞாயிறன்றே ஒருவரை அமர்த்திக் கேளுங்கள், பதியுங்கள்.